அவகாட்ரோ என்ற பெயர் அரிதானது ஏன்?

மேல்நிலை வகுப்பில் ரசாயனம் படிக்கும் மாணவர்களில் 6.022 × 10²³ என்ற எண்ணை மனப்பாடம் செய்யாதவர் இருக்க முடியாது. ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று சொல்லும் அவகாட்ரோ எண் அது. வாயுக்களின் இயக்கக் கொள்கையை நான் கல்லூரியில் நடத்தும்போது இந்த எண்ணைப் பற்றிப் பல கேள்விகள் வருவதுண்டு. ஒரு முறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “சார், அவகாட்ரோ என்றால் என்ன அர்த்தம்?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; விடையும் வரவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று தப்பித்துக்கொண்டு, மாலையில் நூலகத்துக்குப் போனேன்.

பெயரின் பொருள் எளிதாகவே கிடைத்தது. அதோடு இன்னொரு கேள்வியும் வந்து சேர்ந்தது. ஃபெர்ராரி, ரொஸ்ஸி போன்ற குடும்பப் பெயர்கள் இத்தாலியில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவகாட்ரோ என்ற பெயர் ஏன் அப்படிப் பரவவில்லை? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காணக் கணிதம் தேவைப்பட்டது. அதற்கு வேண்டியவை இரண்டு காசுகள்தாம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். நம் ஊர் நீதிமன்றத் தெருவில் ‘அட்வகேட்’ என்று பெயர்ப்பலகை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். ‘அவகாட்ரோ’வும் அதே சொல்தான்! இரண்டுக்கும் மூலம் ‘அட்வொகாத்துஸ்’ என்ற லத்தீன் சொல். ‘துணைக்கு அழைக்கப்பட்டவர்’ என்பது அதன் நேர்ப்பொருள்.

இடைக்கால ஐரோப்பாவில் பிஷப்புகளிடமும் மடங்களிடமும் ஏராளமான நிலம் இருந்தது. நிலம் இருந்தால் வழக்கு இருக்கும், சண்டையும் இருக்கும். சமயத் துறவிகள் வாளெடுப்பதும், குற்ற வழக்கில் தண்டனை விதிப்பதும் முறையன்று என்று கருதினார்கள். ஆகவே ஒவ்வொரு பெரிய திருச்சபையும் தனக்காக வழக்காடவும், வேண்டும்போது படை நடத்தவும் ஒரு பிரபுவை அமர்த்திக்கொண்டது. அந்தப் பதவிக்குத்தான் இந்தப் பெயர். பதவி தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று; நாளடைவில் பதவியின் பெயரே குடும்பத்தின் பெயராகிவிட்டது.

வட இத்தாலியில் பீட்மாண்ட் பகுதியைச் சேர்ந்த வெர்செல்லி நகரத் திருச்சபைக்கு இவ்வாறு பணிசெய்த குடும்பத்தில் வந்தவரே நம் விஞ்ஞானி. டூரின் நகரில் 1776-ல் பிறந்தார். முழுப்பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும்: லொரென்ஸோ ரொமானோ அமெதேயோ கார்லோ அவகாட்ரோ. இதற்குப் பின்னால் குவாரெஞ்ஞா, செர்ரெத்தோ என்ற இரண்டு ஊர்களின் பெயர்களும் உண்டு. அவர் முதலில் படித்தது சட்டம். 1796-ல், இருபதாவது வயதில், திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். சில காலம் வழக்கறிஞராகத் தொழிலும் செய்தார். பெயருக்கேற்ற தொழில்தான். பிறகுதான் பௌதிகத்திலும் கணிதத்திலும் மனம் சென்றது. 1811-ல் தம் புகழ்பெற்ற கருதுகோளை வெளியிட்டார். 1820-ல் டூரின் பல்கலைக்கழகம் அவரைக் கணித பௌதிகப் பேராசிரியராக அமர்த்தியது. (ரசாயன ஆசிரியர்கள் மன்னிக்கவும். அவர் எங்கள் துறைக்காரர்!)

லத்தீன் மூலச் சொல் ஜெர்மனிக்குச் சென்று தேய்ந்து ‘ஃபோக்ட்’ ஆயிற்று. படிகங்களின் பௌதிகத்தில் பெயர்பெற்ற வோல்டெமார் ஃபோக்ட் (1850-1919) என்பவரின் குடும்பப் பெயர் இதுவே. ஆக, ஒருவருக்கொருவர் உறவே இல்லாத இரண்டு பௌதிகப் பேராசிரியர்கள் பொருளளவில் ஒரே பெயரைத் தாங்கியிருந்தார்கள்.

இனி, அரிதானது ஏன் என்ற கேள்விக்கு வருவோம். தமிழராகிய நாம் பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். இத்தாலியில் அப்படியன்று. மாதா கோயில்கள் திருமணப் பதிவேடுகளை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று டிரெண்ட் நகரில் கூடிய சமயப் பேரவை 1563-ல் விதித்தது. பதிவேட்டில் ஏறிய குடும்பப் பெயர் நிலைத்துவிட்டது. அதன்பின் தந்தையின் பெயர் மகனுக்கு, மகனின் பெயர் பேரனுக்கு என்று அது மாறாமல் இறங்கி வந்தது. மகளும் அந்தப் பெயரைத் தாங்கினாள். ஆனால் அவளுடைய பிள்ளைகள் தங்கள் தந்தையின் பெயரையே பெற்றார்கள்.

பரவலான பெயர்களின் பொருளைப் பாருங்கள். ஃபெர்ராரி என்றால் கொல்லர். ரொஸ்ஸி என்றால் சிவந்தவர், அதாவது செம்பட்டைத் தலைமுடிக்காரர். கொல்லன் இல்லாத கிராமம் ஏது? ஒருவரையொருவர் அறியாத ஆயிரமாயிரம் கொல்லர்களிடமிருந்து ஃபெர்ராரி என்ற பெயர் தனித்தனியே தொடங்கியது. எஸ்போஸித்தோ என்ற பெயரின் கதை வேறு. நேப்பிள்ஸ் நகர அநாதை விடுதியின் வாயிலில் விடப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர் அது. ‘வெளியே விடப்பட்டவர்’ என்று பொருள். பெற்றோர் யாரென்று அறியாத குழந்தைகள் வர வர, அந்தப் பெயரும் புதிது புதிதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் பிஷப்பின் அட்வொகாத்துஸ் பதவி ஒரு திருச்சபைக்கு ஒன்றுதான். வெர்செல்லியில் ஒரு குடும்பம், பிரெஷா நகரில் ஒரு குடும்பம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் அவகாட்ரோ என்ற பெயர் வேர்விட முடிந்தது.

வேர் குறைவாக இருந்தால் என்ன? ஒரே ஆலமரம் ஊர் முழுவதும் விழுது விடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். காசுகளை இப்போது எடுங்கள்.

ஒரு தாளில் ஒரு குடும்பப் பெயரை எழுதி, அதற்கு ஓர் ஆணை வைத்துத் தொடங்குங்கள். இரண்டு காசுகளைச் சுண்டுங்கள். எத்தனை தலை விழுகிறதோ அத்தனை மகன்கள். இரண்டும் பூவானால் மகன் இல்லை. பெயர் அங்கேயே நின்றுவிட்டது. மகன் இருந்தால் அவனுக்காக மீண்டும் இரண்டு காசுகள். சராசரியாக ஓர் ஆணுக்கு ஒரு மகன். ஆகவே ஊரின் மொத்த ஆண் எண்ணிக்கை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இத்தகைய ஊரில் பெயர்களும் அப்படியே இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்.

கணக்கிட்டுப் பாருங்கள். முதல் தலைமுறையிலேயே பெயர் மறைய வாய்ப்பு நான்கில் ஒன்று, அதாவது 0.25. அடுத்த தலைமுறைகளுக்கு ஒரு சுருக்க வழி உண்டு. ஒரு குறிப்பிட்ட தலைமுறைக்குள் பெயர் மறையும் வாய்ப்பை ‘ம’ என்று கொள்வோம். ஒரு காசு பூவாக விழலாம்; அல்லது தலையாக விழுந்து, பிறந்த மகனின் கிளை பின்னர் பட்டுப்போகலாம். இந்த இரண்டில் ஒன்று நடக்கும் வாய்ப்பு (1+ம)/2. காசுகள் இரண்டு. எனவே அதன் வர்க்கமே இன்னும் ஒரு தலைமுறை கூட்டிய காலத்துக்குள் பெயர் மறையும் வாய்ப்பு. 0.25-ஐ இதில் இட்டால் 0.39 வரும். அதை இட்டால் 0.48. ஐந்தாம் தலைமுறையில் 0.60. பத்தாம் தலைமுறையில் 0.74!

பத்துத் தலைமுறை என்பது ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள். ஆளுக்கொரு பெயராக 100 ஆண்களுடன் ஊர் தொடங்கினால், முந்நூறு ஆண்டுகளில் சுமார் 74 பெயர்கள் போய்விடும். ஆண்களோ சராசரியில் அதே நூறு பேர். மிஞ்சிய 26 பெயர்களை அவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள்; பெயருக்கு நான்கு பேர் வீதம். யாரும் நோயில் விழவில்லை, பஞ்சமில்லை, போரில்லை. காசு விழுந்த விதம் அவ்வளவுதான்.

பத்துக் கொல்லர்கள் தனித்தனியே ஒரே பெயரைத் தொடங்கியிருந்தால்? பத்துக் கிளைகளும் சேர்ந்தாற்போல் மறைய வேண்டும். 0.74-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது 0.05. நூறு கொல்லர்கள் என்றால் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட பூச்சியம். ஃபெர்ராரிகளின் வெற்றிக்குக் காரணம் இதுதான்.

காசு சொல்லாத ஒரு காரணத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். இத்தாலியப் பிரபுக் குடும்பங்களில் சொத்து துண்டுபடாமலிருக்க ஒரு மகனுக்கு மட்டும் திருமணம் செய்துவைத்து, மற்றவர்களைத் திருச்சபைக்கோ படைக்கோ அனுப்புவது பல தலைமுறைகள் நடந்த வழக்கம். சொத்து பிழைத்தது, பெயரின் கிளைகள் வெட்டுண்டன. மணமுடித்த அந்த ஒருவனுக்கு மகன் பிறக்காவிட்டால் கதை முடிந்தது.

இந்தக் கணக்கை முதலில் ஆங்கிலத்தில் எழுப்பியவர் ஃபிரான்ஸிஸ் கால்டன். பெருமை வாய்ந்த குடும்பங்களின் பெயர்கள் மறைவதைக் கண்டவர்கள், வசதியான வாழ்வினால் வம்சம் நலிகிறது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கால்டன் அறிய விரும்பினார். 1873-ல் ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ என்ற இதழில் இதை ஒரு புதிராக வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் வழியைக் கண்டுபிடித்தார். இருவரும் 1874-ல் கட்டுரை வெளியிட்டனர். ஆனால் வாட்சன் ஒரு தவறு செய்தார். எல்லாப் பெயர்களும் கடைசியில் மறைந்தே தீரும் என்று முடிவு கட்டிவிட்டார்.

தவறு எங்கே? இரண்டு காசுக்குப் பதில் மூன்று காசு சுண்டுங்கள். சராசரி ஒன்றரை மகன்கள். இப்போது வர்க்கத்துக்குப் பதில் கனம். எத்தனை தலைமுறை ஆனாலும் மாறாத ‘ம’வைக் காண, ம = ((1+ம)/2)³ என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். ம = 1 என்பது ஒரு விடை. அது எப்போதும் சரிவரும். 0.236 என்ற இன்னொரு விடையும் உண்டு. உண்மையில் நடப்பது அதுதான். நூற்றில் 24 பெயர்கள் மறையும்; மற்றவை பெருகும். வாட்சன் முதல் விடையோடு நிறுத்திக்கொண்டார். விடைத்தாள் திருத்தும்போது இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். பியெனெமே என்ற பிரெஞ்சுக்காரர் 1845-லேயே சரியான முடிவைச் சொல்லியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை.

டென்மார்க்கில் இதே கணக்கு வேறொருவரின் நெஞ்சைத் தொட்டது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலைசெய்த கணித அறிஞர் எர்லாங்கின் தாயார் க்ராருப் என்ற பெயர்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் மறைந்துகொண்டிருந்தது. எர்லாங் 1929-ல் இக்கணக்கை ஒரு கணித இதழில் கேள்வியாக எழுப்பினார். அதே ஆண்டில் பிள்ளைகள் இல்லாமலே காலமானார். முழுமையான தீர்வை ஸ்டெஃபென்சன் என்பவர் 1930-ல் வெளியிட்டார்.

பௌதிகக்காரனுக்கு இதில் இன்னொரு சுவை. மகன் என்ற இடத்தில் நியூட்ரான் என்று எழுதிப் பாருங்கள். யுரேனியக் கருவைப் பிளந்த ஒரு நியூட்ரானிலிருந்து மேலும் கருக்களைப் பிளக்கும் நியூட்ரான்கள் எத்தனை வருகின்றன? சராசரி ஒன்றுக்குக் கீழே இருந்தால் தொடர்வினை அணைந்துவிடும். ஒன்றைத் தாண்டினால் வளரும். 1942 டிசம்பர் 2-ஆம் தேதி சிகாகோவில் இந்தச் சராசரியை ஒன்றுக்குச் சற்றே மேலே கொண்டுவந்து நிறுத்தியவர் என்ரிக்கோ ஃபெர்மி. அவரும் இத்தாலியரே.

அவகாட்ரோ என்ற பெயர் மறைந்துவிடவில்லை. வட இத்தாலியில் அப்பெயருடைய குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. எண்ணுக்கு அந்தப் பெயரை 1909-ல் சூட்டியவர் ழான் பெரின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1856-லேயே மறைந்துவிட்ட அவகாட்ரோவுக்கு எண்ணின் மதிப்பே தெரியாது. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று அது மாறாத மதிப்பாக நிர்ணயிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் குவாரெஞ்ஞாவும் செர்ரெத்தோவும் இணைந்து ஒரே நகராட்சியாயின!

பெயர்களின் கணக்கும் மாறத் தொடங்கிவிட்டது. தந்தையின் பெயர் தானாகவே பிள்ளைக்கு வரும் என்ற பழைய விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று இத்தாலியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. பெற்றோர் இருவரும் ஒத்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பிள்ளைக்கு இருவர் பெயரும் வரும். இனி மகளும் பெயரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு பெயர்க்காரரும் இரண்டு பெயர்க்காரியும் மணந்தால் பிள்ளைக்கு நான்கு பெயர்கள் ஆகும். அடுத்த தலைமுறைக்கு எட்டு. இப்படிப் பெருகாமல் தடுக்க வழிசெய்யுமாறு நாடாளுமன்றத்தை அந்த நீதிமன்றமே கேட்டுக்கொண்டது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று எனக் காசு சுண்டித் தேர்ந்தெடுப்பதாக வைத்து, உங்கள் தாளில் பத்துத் தலைமுறை போட்டுப் பாருங்கள். தலை விழுந்தால் மகன் என்று எழுதிய இடத்தில் இப்போது பிள்ளை என்று எழுத வேண்டும்.