புதையல் தேடும் போட்டியும் பாதப் பாதுகாப்பும்

பொங்கல் விழாவில் உறியடி, கோலப்போட்டி ஆகியவற்றுடன் புதையல் தேடும் போட்டியும் நடைபெறுமாயின், நீரிழிவு உடையவர் வீட்டிலேயே இருந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்றே கூறுவோம்.

எனினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். நாட்பட்ட நீரிழிவு பாதங்களின் உணர்ச்சியைக் குறைக்கும். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் கரிசல் மண்ணில் கருவேல முள் தைத்தாலும் சிலர் உணரார்; அச்சிறு காயமே ஆறாப் புண்ணாகலாம். ஆதலின் வெறுங்காலுடன் தேடச் செல்லலாகாது. மூடிய காலணியின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தபின் அணிக. வீடு திரும்பியதும் உள்ளங்கால், விரலிடுக்கு ஆகியவற்றை உடனிருப்போர் பார்த்தல் வேண்டும்.

இன்சுலின் செலுத்திக்கொள்வோர் விளையாட்டு மும்முரத்தில் உணவைத் தள்ளிப்போடலாகாது. வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் தோன்றினால் உடனே அமரச்செய்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கவும். 15 நிமிடங்களில் தெளியாவிடில் மீண்டும் கொடுக்கவும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டாமல் 108-ஐ அழைக்கவும்.

காலில் புண் உள்ளவர் நடத்தல் கூடாது. அவர் அமர்ந்தபடியே குறிப்புகளின் விடையைக் கண்டு சொல்லட்டும். பிள்ளைகள் ஓடித் தேடட்டும். கிடைக்கும் புதையலில் அவருக்கும் பங்குண்டு.