உதவிக்கு வந்தார்கள்!

பசித்தவன் வீட்டுக்குப் பானை நிறையச் சோற்றோடு ஒருவன் வருகிறான். வருக என்கிறோம். வந்தவனோ சோற்றை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்குக் காவல் போடுகிறான், பெட்டிச் சாவியைக் கேட்கிறான், அடுப்பை அணைக்கச் சொல்கிறான்! ஏன் ஐயா என்றால், நன்றி கெட்டவனே என்று ஏசுகிறான். கற்பனையல்ல தோழர்களே! கரிபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டின் கதை இது.

கரும்புத் தோட்டத்து அடிமைகள் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் அனுப்பிய படையையே முறியடித்து, 1804-ல் விடுதலை முரசு கொட்டிய நாடு அது. பொறுக்குமா பிரான்சு? 1825-ல் போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த தோட்டத்துக்கும் இழந்த அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் அது 9 கோடியாயிற்று. அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி. கணக்குத் தீர்ந்த ஆண்டு 1947! அடிமைப்பட்டவன், அடிமைப்படுத்தியவனுக்கு நட்ட ஈடு கட்டினான். இதற்கு நாகரிகம் என்று பெயர்.

1915-ல் ஒழுங்கை நிலைநாட்டுகிறோம் என்று வந்திறங்கியது அமெரிக்கப் படை. போனது 1934-ல். பத்தொன்பது ஆண்டுகள் ஒழுங்கு!

பிறகு வந்தது அரிசி. 1990-களில், இறக்குமதி அரிசி மீதான வரியை 3 விழுக்காட்டுக்குக் குறைக்கவைத்தார்கள். அரசாங்க மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி, மலிவு விலையில் வந்து குவிந்தது. ஹைட்டி உழவன் ஏரைச் சாய்த்துவிட்டு நகரத்துச் சேரிக்கு நடந்தான். அது தவறு, தம் மாநில உழவர்க்கு நன்மையானது, ஹைட்டிக்கு ஆகவில்லை என்று 2010-ல் ஒப்புக்கொண்டவர் யார்? அந்த நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த கிளிண்டனே!

அதே 2010 சனவரியில் நிலநடுக்கம். தலைநகரம் தரைமட்டம். உலகமே கண்ணீர் விட்டது, கோடி கோடியாகப் பணம் தந்தது. ஆனால் ஹைட்டி அரசின் கைக்கு நேரே சேர்ந்தது அதில் சிறு பங்குதான்.

அக்டோபரில் வந்தது காலரா. நூறாண்டுகளாக அந்த மண் அறியாத நோய்! 2004 முதல் அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்றிலிருந்து கழிவு ஆற்றில் கலந்தது. அந்த ஆர்ட்டிபோனைட் ஆற்று நீரைத்தான் மக்கள் குடித்தார்கள், குளித்தார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள், எட்டு லட்சம் பேருக்கு மேல் நோயுற்றார்கள். முகாமிலிருந்த சிப்பாயைத் திட்டாதீர்கள், அவனும் ஓர் ஏழை நாட்டு ஏழை மகன். கழிவை எங்கே விடுவது என்று பார்க்கவேண்டிய பெரிய மனிதர்கள் எங்கே போனார்கள்?

பாதிக்கப்பட்டோர் நியூயார்க் நீதிமன்றம் ஏறினார்கள். ஐ.நா. மீது வழக்குத் தொடர முடியாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று கதவடைத்தது நீதிமன்றம். உதவிக்கு வந்தவன் உயிரைப் பறித்தாலும் கூண்டில் ஏற்ற முடியாதாம்! 2016 டிசம்பரில் பொதுச் செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திரட்டுவோம் என்றார்கள். வந்து சேர்ந்ததோ அதில் சிறு துளி.

உதவியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. துப்பாக்கி ஏந்திய கும்பல்கள் தலைநகரைப் பிடித்து ஆட்டும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யார் வந்தாலும் சரி என்றுதான் சொல்வாள். 2023-ல் பாதுகாப்பு அவை ஒப்புதல் தர, 2024 சூனில் கென்யக் காவல்படை போய் இறங்கியது. இறங்கட்டும். ஆனால் தவறு செய்தால் யார் பொறுப்பு, எந்த மன்றத்தில் பதில் சொல்வார்கள், கணக்கை யாரிடம் காட்டுவார்கள்? இதைக் கேட்க ஆர்ட்டிபோனைட் கரையில் பெற்றோரைப் புதைத்தவனுக்கு உரிமையில்லையா? அவனுக்கு இழைத்த கொடுமையின் கணக்கே இன்னும் தீரவில்லையே!