கப்பல் காத்திருக்காது!
எரிமலைத் தீவில் எட்டு மணி நேரம்

காலை 8 மணி.

அடுக்கு மாளிகை போன்ற ஒரு வெள்ளைக் கப்பல் துறைமுகத்தில் வந்து நிற்கிறது. படிக்கட்டு இறக்கப்படுகிறது. தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் அணிந்த உல்லாசப் பயணிகள் நூற்றுக்கணக்கில் இறங்குகிறார்கள்.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு பகல். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும். அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே எல்லோரும் திரும்பிவிட வேண்டும். தனியாகச் சுற்றப் போனவர் வரவில்லை என்றால், அவருக்காகக் கப்பல் காத்திருக்காது. அடுத்த தீவுக்கு அவர் தன் சொந்தச் செலவில்தான் போய்ச் சேரவேண்டும்!

அந்த ஒரு பகலில் எதைப் பார்ப்பது? எதை விடுவது?

எங்கே இருக்கிறது?

இந்தத் தீவின் பெயர் மார்த்தினிக். வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே கரீபியன் கடல் இருக்கிறது. அந்தக் கடலின் கிழக்கு ஓரத்தில் வில் போல் வளைந்த தீவு வரிசை ஒன்று உண்டு. அதில் ஒரு தீவுதான் மார்த்தினிக். வடக்கே டொமினிக்கா தீவு, தெற்கே செயின்ட் லூசியா தீவு.

பரப்பளவு 1,128 சதுர கிலோ மீட்டர். மக்கள் தொகை சுமார் 3½ லட்சம்.

இது தனி நாடு அல்ல. பாரிஸ் நகரில் இருந்து சுமார் 7 ஆயிரம் கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தாலும், இது பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. 1946-ம் ஆண்டு முதல் பிரான்சின் ஒரு மாவட்டம் போன்ற அந்தஸ்து இதற்கு உண்டு. கடைகளில் யூரோ நாணயம் செல்லும். சர்க்கார் மொழி பிரெஞ்சு. மக்கள் வீட்டிலும் வீதியிலும் பேசுவது கிரியோல் என்ற மொழி.

கப்பல் நிற்கும் ஊர் தலைநகரம். அதன் பெயர் போர்ட் டி பிரான்ஸ்.

இரும்பு நூலகம்

கப்பலில் இருந்து இறங்கிச் சிறிது நேரம் நடந்தால், "சவான்" என்ற பெரிய பூங்கா வரும். அதன் எதிரில், கோபுரக் கூரையும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட அழகிய கட்டிடம் ஒன்று நிற்கிறது. அதுதான் ஷெல்ஷேர் நூலகம்.

இந்தக் கட்டிடத்தின் இரும்புச் சட்டங்கள் பாரிசில் தயாரானவை. அவற்றைத் துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றிவந்து, இங்கே பூட்டி நிறுத்தினார்கள். 1893-ல் நூலகம் திறக்கப்பட்டது. அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட விக்டர் ஷெல்ஷேர் கொடுத்த புத்தகங்களுக்காகவே கட்டப்பட்ட நூலகம் இது.

பூங்காவின் ஒரு பக்கத்தில் முன்பு ஒரு சிலை இருந்தது. நெப்போலியனின் முதல் மனைவி ஜோசபின் சிலை. இந்தத் தீவில் 1763-ல் பிறந்த பெண், பிரான்சின் மகாராணி ஆனார்! ஊருக்குப் பெருமைதானே?

ஆனால் ஊர் மக்களில் பலர் அப்படி நினைக்கவில்லை. ஜோசபின் பிறந்தது அடிமைகளை வைத்து வேலை வாங்கிய கரும்புத் தோட்டத்தில். அவருடைய கணவர் நெப்போலியன், 1802-ல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை தொடரச் சட்டம் போட்டவர். 1991-ல் ஒரு நாள் அந்தச் சிலையின் தலை காணாமல் போயிற்று. தலை இல்லாமலே சிலை பல ஆண்டுகள் நின்றது. 2020 ஜூலையில் போராட்டக்காரர்கள் அதைக் கீழே தள்ளி உடைத்துவிட்டார்கள்.

பூங்காவைப் பார்த்ததும் பெரும்பாலான பயணிகள் கடலில் குளிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். சிறிய படகில் ஏறினால் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சுமார் 20 நிமிடத்தில் போய்விடலாம். குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், திரும்புவார்கள். பொழுது போய்விடும்.

ஆனால், வடக்கே போகும் சாலையைப் பிடித்தவர்கள் வேறு ஒரு காட்சியைக் காண்கிறார்கள்.

சாம்பலான நகரம்

தலைநகரில் இருந்து கடலோரமாக வடக்கே சுமார் 30 கிலோ மீட்டர் போனால், செயின்ட் பியர் என்ற ஊர் வருகிறது. ஊருக்குப் பின்னால் மேகத்தை முட்டிக்கொண்டு நிற்பது பெலே மலை. உயரம் 4,583 அடி. அது ஓர் எரிமலை!

120 ஆண்டுகளுக்கு முன்பு செயின்ட் பியர்தான் தீவிலேயே பெரிய நகரம். நாடக அரங்கு, வங்கிகள், வணிக நிலையங்கள் எல்லாம் இருந்தன. "கரீபியன் கடலின் பாரிஸ்" என்று அதற்குப் பட்டப்பெயர்.

1902-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மலை புகையத் தொடங்கியது. தெருக்களில் சாம்பல் விழுந்தது. கந்தக நெடி மூக்கைத் துளைத்தது. மே 5-ந் தேதி, மலையில் இருந்து கொதிக்கும் சேறு பாய்ந்து வந்து ஒரு சர்க்கரை ஆலையை மூடிவிட்டது. அங்கே இருந்தவர்கள் உயிரோடு புதைந்தார்கள்.

நகர மக்கள் ஓடியிருக்க வேண்டாமா? சிலர் ஓடினார்கள். ஆனால் கிராமத்து மக்களோ, நகரம்தான் பத்திரம் என்று எண்ணி உள்ளே வந்து குவிந்தார்கள்.

11-ந் தேதி தேர்தல் நடக்க இருந்தது. மலையை ஆராய்ந்த குழு, "நகரத்துக்கு ஆபத்து இல்லை" என்றது. நெருப்புக் குழம்பு வந்தாலும் பள்ளத்தாக்குகள் வழியே கடலுக்குப் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. மக்களுக்குத் தைரியம் ஊட்டக் கவர்னர் லூயி மூத்தே தன் மனைவியுடன் அங்கே வந்து தங்கினார்.

மே 8-ந் தேதி. வியாழக்கிழமை. கிறிஸ்தவர்களுக்குத் திருநாள்.

காலை 8 மணி சுமாருக்கு மலை வெடித்தது.

நெருப்புக் குழம்பு வரவில்லை. அதைவிடக் கொடியது வந்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த ஒரு கரிய மேகம், சரிவில் உருண்டு இறங்கியது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகம். சில நிமிடங்களில் நகரம் முடிந்தது!

இறந்தவர்கள் சுமார் 28 ஆயிரம் பேர். கவர்னரும் அவர் மனைவியும் அவர்களில் அடக்கம். துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. "ரோடம்" என்ற கப்பல் மட்டும் எரிந்தபடியே தப்பி, செயின்ட் லூசியா தீவு போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தவர்களிலும் பலர் பிணமாகக் கிடந்தார்கள்.

அனுமதி இல்லாமல் புறப்பட்ட கப்பல்

முதல் நாள் அந்தத் துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் புறப்பட்டுப் போயிருந்தது.

அது "ஓர்சோலினா" என்ற இத்தாலியக் கப்பல். அதன் கேப்டன் மரினோ லெபோபே, நேப்பிள்ஸ் நகரத்துக்காரர். வெசுவியஸ் எரிமலையின் அடியில் வளர்ந்தவர்.

கப்பலில் சர்க்கரை பாதிதான் ஏறியிருந்தது. "மீதியையும் ஏற்று" என்றார்கள் வியாபாரிகள். அதிகாரிகளோ, புறப்பட அனுமதி தர மறுத்தார்கள். மீறினால் கைது செய்வோம் என்றும் மிரட்டினார்கள்.

கேப்டன் அசையவில்லை. எங்கள் ஊர் வெசுவியஸ் இப்படிப் புகைந்தால் நான் எங்கள் ஊரிலேயே இருக்கமாட்டேன் என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். பாதிச் சரக்கோடு நங்கூரம் தூக்கிவிட்டார்.

மறுநாள், அவரைக் கைது செய்ய அங்கே யாரும் உயிரோடு இல்லை!

சிறை காத்த உயிர்

நகரத்துக்குள் இருந்து பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் லெயோன் கொம்பேர், செருப்புத் தைக்கும் தொழிலாளி. இன்னொருவர் லுட்கர் சில்பாரிஸ், ஒரு கைதி.

சில்பாரிசைத் தடித்த கல் சுவர் கொண்ட தனி அறையில் அடைத்திருந்தார்கள். சன்னல் கிடையாது. கதவில் மட்டும் சிறு துவாரம். அதன் வழியே வந்த சூட்டிலேயே அவர் உடல் வெந்துபோயிற்று. ஆனாலும் உயிர் போகவில்லை. சில நாட்களுக்குப் பிறகு, முனகல் சத்தம் கேட்டு அவரை மீட்டார்கள். பிற்பாடு அமெரிக்காவின் "பார்னம் பெய்லி" சர்க்கஸ் கம்பெனி அவரை ஊர் ஊராக அழைத்துப்போய்க் காட்சி நடத்தியது.

அந்தச் சிறை அறை இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இடிந்த நாடக அரங்கின் படிக்கட்டும் இருக்கிறது. சீமான்கள் ஏறிய படிக்கட்டு வெறும் கல்லாகக் கிடக்கிறது. கைதியைப் பூட்டிய அறை கூரையோடு நிற்கிறது!

பக்கத்தில் ஒரு காட்சிசாலை. சூட்டில் நசுங்கிப்போன கோயில் மணி ஒன்று அங்கே இருக்கிறது. அதன் முன் நிற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை.

இப்போது செயின்ட் பியரில் வசிப்பவர்கள் 4 ஆயிரம் பேர் அளவில்தான். மலையைக் கருவிகள் இரவு பகலாகக் கவனிக்கின்றன. 2020 டிசம்பரில் மலையில் அசைவுகள் அதிகரித்தபோது, எச்சரிக்கை நிலை ஒரு படி உயர்த்தப்பட்டது. 2023-ல் யுனெஸ்கோ இந்த மலைப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தமிழர் வந்த கதை

நேரம் குறைவாக உள்ளவர்கள் இங்கிருந்து திரும்பிவிட வேண்டியதுதான். கப்பலில் வராமல், விமானத்தில் வந்து தங்குகிறவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு மேலும் வடக்கே போகிறார்கள். அங்கே, அட்லாண்டிக் கடலோரத்தில் கரும்பும் வாழையும் விளையும் ஊர் பாஸ் புவாந்த். புகழ்பெற்ற கவிஞர் எமே செசேர் 1913-ல் பிறந்த ஊர் இது. தலைநகரின் மேயராக 1945 முதல் 2001 வரை இருந்தவர் அவர்.

இந்த ஊர்ப் பக்கம் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு என்றால் ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

1848 மே 22-ந் தேதி மார்த்தினிக் அடிமைகள் செயின்ட் பியரில் கிளர்ந்து எழுந்தார்கள். அடிமை முறையை ஒழித்துப் பாரிசில் அதற்கு முன்பே உத்தரவு போட்டாகிவிட்டது. ஆனால் செய்தி வந்து சேரவில்லை. மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. மறுநாளே கவர்னர் விடுதலையை அறிவித்தார். சுமார் 70 ஆயிரம் பேர் சுதந்திரம் பெற்றார்கள். மே 22 இன்றும் அங்கே விடுமுறை நாள்.

விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய தோட்டங்களில் வேலை செய்ய விரும்பவில்லை. முதலாளிகள் கூலி ஆட்களைத் தேடினார்கள். 1853 மே 6-ந் தேதி "ஒரேலி" என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் சுமார் 25 ஆயிரம் பேர் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் இருந்து ஏறிய தமிழர்கள் அவர்களில் அதிகம். ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. நோயிலும் கடும் உழைப்பிலும் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

அவர்களுடைய வழித்தோன்றல்களின் வீடுகளில் இன்று தமிழ்ப் பேச்சு இல்லை. ஆனால் தெய்வமும் சாப்பாடும் மறக்கவில்லை. மாரியம்மன் "மாலியேமின்" ஆகிவிட்டாள். பாகற்காய் "பவோக்கா" ஆகிவிட்டது. மல்லி, மஞ்சள், கடுகு எல்லாம் சேர்த்து அரைத்த மசாலாவுக்கு "கொலம்போ" என்று பெயர். அந்த மசாலா போட்ட குழம்பைத் தீவு முழுவதும் எல்லா இனத்தாரும் சாப்பிடுகிறார்கள்.

கட்டம் போட்ட துணிக்கு அங்கே பெயர் "மதராஸ்". முன்பு பெண்கள் அதைத் தலையில் கட்டி, முனைகளைக் கொம்புபோல் தூக்கி விடுவார்கள். ஒரு முனை என்றால் மனம் இன்னும் யாருக்கும் சொந்தம் இல்லை. இரண்டு என்றால் நிச்சயம் ஆகிவிட்டது. மூன்று என்றால் கல்யாணம் ஆனவள். இப்போது அந்தத் தலைக்கட்டைத் திருவிழாக்களில் காணலாம்.

போகிறவர்களுக்கு

* கப்பல் கடிகாரத்துக்கும் தீவின் கடிகாரத்துக்கும் சில சமயம் ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கும். திரும்பும் நேரத்தைக் கப்பல் கடிகாரப்படியே கணக்கிட வேண்டும்.

* மார்த்தினிக் பிரான்சைச் சேர்ந்தது என்றாலும், ஷெங்கன் விசாப் பகுதியைச் சேர்ந்தது அல்ல. விசா வாங்கும்போதே இந்தத் தீவுக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

* கடற்கரையில் சில மரங்களில் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அது மஞ்சினில் என்ற விஷ மரம். பழம் சின்ன ஆப்பிள்போல் ஆசை காட்டும். தின்னக்கூடாது. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும், இலையில் இருந்து சொட்டும் நீர் தோலைப் புண்ணாக்கிவிடும்.

* டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

* கடைக்குள் நுழைந்ததும் "பொன்ழூர்" என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விலை கேட்பதை மரியாதைக்குறைவாக எண்ணுவார்கள்.

* செலவு கூடுதல்தான். பெரும்பாலான சாமான்கள் கப்பலில் வந்து இறங்குகின்றன. உணவுப் பொருள்களின் விலை பிரான்சைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம் என்று 2022-ல் அரசாங்கப் புள்ளிவிவரம் காட்டியது. 2024-ல் விலைவாசியை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சியே நடந்தது. சந்தையில் ஊர்ப் பெண்கள் விற்கும் பழமும் மசாலாவும் வாங்கினால், அந்தக் காசு தீவிலேயே தங்கும்.

மாலை நேரம்

மாலையில் கப்பலின் சங்கு ஊதுகிறது. பயணிகள் மேல்தளத்தில் நின்று கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார்கள். வடக்கே பெலே மலையின் தலையை மேகம் மூடியிருக்கிறது.

பகல் முழுவதும் கடலில் குளித்தவருக்கு அது ஓர் அழகான மலை. செயின்ட் பியர் போய் வந்தவருக்கு அந்த மலையின் கதை தெரியும். பாஸ் புவாந்த் வரை போனவரோ அந்தக் கப்பலில் இல்லை. அவர் கரையிலேயே தங்கிவிட்டார்.

1902-ல், நேரத்தோடு புறப்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். இன்றோ, அவசரமாகப் புறப்படுகிறவர்கள்தான் இந்தத் தீவைப் பாதி பார்த்துவிட்டுப் போகிறார்கள்.