ஓவர்டிரைவ் பெடல் வாங்கும் முன் உங்கள் ஆம்பைக் கேளுங்கள்

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் இருக்கும் பாரோயை, துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் உள்ள ஊராக நாடு அறியும். இந்த வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று தாமான் வீடுகளில் வளர்கிறார்கள். அவர்களில் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் அடுத்து கேட்பது, கிட்டார் ஒலிக்குக் கரகரப்பு சேர்க்கும் ஓவர்டிரைவ் பெடல்களில் எதை வாங்கலாம் என்பதைத்தான்.

நம் ஊர் இசைக்குழுவில் வாசிப்பவருக்கு இது எளிதில் விடை கிடைக்கிற கேள்வி அல்ல. ஒரே விருந்தில் இளையராஜாவின் எண்பதுகளின் பாடலும் வரும், 1989இல் செர்ச் குழு புகழ்பெறச் செய்த 'இசபெல்லா'வும் வரும். நெகிரி செம்பிலான் வட்டாரப் பேச்சிலேயே புளூஸ் கேங் பாடிய 'ஆப்போ நாக் டிகாத்தோ'வையும் யாராவது கேட்பார்கள். மூன்றுக்கும் கிட்டாரின் குரல் வேறு வேறு. கடையிலோ பெடல்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தேர்வை, ஒலியைப் பெருக்கும் ஆம்பிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கரகரப்பு எங்கிருந்து வந்தது?

வால்வு ஆம்பை அது தாங்கும் எல்லைக்கு மேல் ஏற்றினால் ஒலியலையின் உச்சிகள் மழுங்கித் தட்டையாகும். அப்படி மழுங்கும்போது, வாசித்த சுரத்தோடு அதன் மேல் மடங்குகளும் கூடுதலாகப் பிறக்கின்றன. காதில் விழும் கரகரப்பும் கனமும் அவற்றால் வருபவை.

தொடக்கத்தில் இது பழுதாகவே கருதப்பட்டது. பிறகு கலைஞர்கள் அதைத் தேடிப் போனார்கள். 1958இல் 'ரம்பிள்' பதிவுக்காக லிங்க் ரே தன் ஆம்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் துளையிட்டார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவரத் தகட்டால் கீறினார். இதற்கிடையே 1962இல் மேஸ்ட்ரோ நிறுவனம் கரகரப்பை ஒரு தனிப் பெட்டிக்குள் அடைத்து 'ஃபஸ்' பெடலாக விற்கத் தொடங்கியிருந்தது.

ஃபஸ் முரட்டுத்தனமானது. வால்வு ஆம்பின் மென்மையான மழுங்கலுக்கு நெருங்கி வந்தவை எழுபதுகளில் ஜப்பானில் பிறந்த ஓவர்டிரைவ் பெடல்கள். பாஸ் நிறுவனத்தின் ஓ.டி.-1 1977இல் வந்தது. 1979இல் ஐபனேஸ் பெயரில் டி.எஸ்.808 'டியூப் ஸ்கிரீமர்' வெளியானது. அதை வடிவமைத்தவர் சுசுமு தமுரா. 1981இல் பாஸ் வெளியிட்ட எஸ்.டி.-1 இன்றும் தயாரிப்பில் உள்ளது. இன்று சந்தையில் இருக்கும் ஓவர்டிரைவ் பெடல்களில் பெரும்பகுதி இவற்றின் வாரிசுகள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

டியூப் ஸ்கிரீமருக்குள் ஒரு சிறு சிப் கிட்டாரின் சிக்னலைப் பெருக்குகிறது. அதோடு இணைந்த இரண்டு டையோடுகள் அலையின் மேலுச்சியையும் கீழுச்சியையும் ஒரே அளவில் மழுக்குகின்றன. ஓ.டி.-1, எஸ்.டி.-1 இரண்டிலும் டையோடுகள் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. மேலும் கீழும் ஏற்றத்தாழ்வாக மழுங்குவதால் அவற்றின் ஒலியின் நிறம் சற்று மாறுகிறது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. டியூப் ஸ்கிரீமரில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைகிறது. கிட்டாரின் கனத்த ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தக் கீழ் ஒலிகளையும் முழுதாகப் பெருக்கினால் ஒலி கலங்கிச் சேறாகிவிடும். மழுக்கிய பின் உச்ச ஒலிகளும் குறைக்கப்படுகின்றன. மிஞ்சி நிற்பது நடு ஒலி. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கும்போதும் கிட்டார் தனியே கேட்பதற்கு இந்த நடு ஒலிதான் காரணம்.

பாஸ் 1995இல் கொண்டுவந்த பி.டி.-2 'புளூஸ் டிரைவர்' வேறு வகை. நடு ஒலியை அந்த அளவு தூக்கிக் காட்டாது. கீழ் ஒலியையும் உச்ச ஒலியையும் கூடுதலாக விட்டுவைக்கும். மெல்லத் தட்டினால் தெளிவாகவும் அழுத்தித் தட்டினால் கரகரப்பாகவும் பேசும்.

உங்கள் ஆம்ப் எந்த வகை?

ஃபெண்டர் பாணி ஆம்புகளில் நடு ஒலி குறைவு. ஒலி தெளிவாக இருக்கும். டியூப் ஸ்கிரீமர் வகை அந்தக் குறையைச் சரியாக நிரப்பும். கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஃபெண்டர் ஆம்புகளோடு டியூப் ஸ்கிரீமரைச் சேர்த்துப் பெற்ற ஒலி இதற்கு நல்ல சான்று.

மார்ஷல் பாணி ஆம்பில் நடு ஒலி ஏற்கெனவே உண்டு. தெளிவான ஒலியில் வாசிக்கும்போது அதே பெடலைச் சேர்த்தால் மூக்கடைத்த குரல்போல் கேட்கலாம். அங்கே புளூஸ் டிரைவர் போன்ற சமநிலையான பெடல் பொருந்தும். ஆனால் அதே ஆம்ப் ஏற்கெனவே கரகரத்துக்கொண்டிருந்தால், டியூப் ஸ்கிரீமரின் டிரைவ் குமிழைக் குறைத்து லெவல் குமிழை ஏற்றுங்கள். கீழ் ஒலி இறுகி, ராக் வாசிப்பு தெளிவாகும்.

ஜேமிங் ஸ்டூடியோக்களில் பலர் சந்திப்பது ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120. 1975 முதல் வரும் இந்த டிரான்சிஸ்டர் ஆம்ப் எளிதில் கரகரக்காது. மழுக்கும் வேலை முழுவதையும் பெடலே செய்ய வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கான சிறிய டிரான்சிஸ்டர் ஆம்புகளுக்கும் இது பொருந்தும். ஆம்பைத் தெளிவான சேனலில் வைத்து, டோன் குமிழை வழக்கத்தைவிடக் குறைத்துத் தொடங்குங்கள். ஆம்பிலேயே பலவகை ஓவர்டிரைவ் ஒலிகள் கொண்ட டிஜிட்டல் மாடல் வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றைப் பழகட்டும். பெடல் தேவைப்படாமலே போகலாம்.

வால்வு ஆம்ப் வைத்திருப்போர் சுவர் ஒட்டிய தெரெஸ் வீட்டையும் நினைக்க வேண்டும். 30 வாட் ஆம்புக்குப் பதில் 15 வாட் வாங்கினால் சத்தம் பாதியாகாது. குறைவது 3 டெசிபல்தான். சத்தம் பாதியாகக் கேட்க, திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யாமல் கரகரப்பைப் பெற ஒரு நல்ல பெடல் உதவும்.

மண்டபத்தில் ஆம்பே இல்லையென்றால்?

திருவிழா மேடைகளிலும் மண்டபங்களிலும் கிட்டாரை நேராக மிக்சரில் செருகுவது உண்டு. தெளிவான ஒலிக்கு அது தாங்கும். ஓவர்டிரைவை அப்படி அனுப்பினால் தேனீக் கூட்டம் இரைவதுபோல் கேட்கும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைப் பெரிதும் அடக்கிவிடும். மண்டபத்து ஸ்பீக்கர் அப்படியே வெளியே விடும். ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கருவியைப் பெடலுக்கும் மிக்சருக்கும் இடையில் வைக்க வேண்டும், அல்லது சிறிய ஆம்பின் முன் மைக் வைக்க வேண்டும். மேடை வாசிப்பே முதன்மை என்றால், இரண்டாவது பெடலுக்கான பணத்தை இதற்கு ஒதுக்குவது நல்லது.

பாட்டுக்கு ஏற்ற அளவு

இரண்டு மூன்று சுரங்கள் ஒன்றாக மழுங்கும்போது, வாசிக்காத புதிய ஒலிகளும் அவற்றிடையே தோன்றும். ராக் பாடல்களில் அடிச்சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் சேர்த்து வாசிப்பது இதனால்தான். அந்தச் சேர்க்கை எவ்வளவு டிரைவையும் தாங்கும். இளையராஜாவின் பாடல்களில் வரும் செவன்த் போன்ற கார்டுகள் தாங்காது. அங்கே டிரைவைக் குறைக்க வேண்டும், அல்லது கிட்டாரின் வால்யூமைச் சற்று இறக்க வேண்டும். வால்யூமை இறக்கியதும் தெளிவாகிவிடும் பெடல் நம் இசைக்குழுக்களுக்கு மிகவும் பயன்படும்.

தனிச் சுரங்களில் ஓவர்டிரைவ் நமக்கு இன்னொரு நன்மையும் செய்கிறது. சுரம் சீக்கிரம் தேயாமல் நீண்டு நிற்பதால் கமகத்துக்கு இடம் கிடைக்கிறது. மின் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா, 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக வெளியிட்ட 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். ராக் ஒலியும் ராகமும் ஒன்றாக நிற்க முடியும் என்பது புரியும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோங்கள். உங்கள் ஆம்ப் வகையையே கேட்டு வாங்கி, வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில் சோதியுங்கள். பெடல் போட்டபோதும் போடாதபோதும் சத்தம் சமமாக இருக்கும்படி லெவலை வையுங்கள்; சத்தம் கூடிய ஒலியைக் காது நல்ல ஒலி என்று நம்பிவிடும்.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி அடாப்டர் வேண்டும். அதன் நடு முனை எதிர்மின்னாக இருக்க வேண்டும். மாறிப் போனால் பெடல் பழுதாகலாம். பெட்டியில் இருக்கும் குறியைப் பார்த்துச் செருகுங்கள். பேட்டரியில் ஓடும் பெடலில், வாசித்து முடித்ததும் கிட்டார் வயரைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் பேட்டரி தீர்ந்துவிடும்.

அரிதான பெயர்களுக்கு மயங்க வேண்டாம். அமெரிக்காவில் பில் ஃபின்னகன் 1994 முதல் செய்த கிளான் சென்டார் பெடல்கள் இன்று பல்லாயிரம் வெள்ளிக்குக் கைமாறுகின்றன. அந்த விலையில் பெரும்பங்கு அவை அரிதாகக் கிடைப்பதற்கு உரியது. பாஸ் பெடல்களோ முதலில் ஜப்பானிலும் பிறகு தைவானிலும் தயாராகி, அண்மை ஆண்டுகளில் நம் மலேசியாவிலேயே தயாராகின்றன. இசைக்குழுவில் வாசிக்கத் தொடங்கும் ஒருவருக்கு, தெளிவான ஒலி தரும் ஆம்ப் இருந்தால் எஸ்.டி.-1 போதும், ஆம்பில் நடு ஒலி மிகுதி என்றால் புளூஸ் டிரைவர். ஒன்றை வாங்கி, அதன் மூன்று குமிழ்களையும் முழுதாகப் பழகிய பிறகே அடுத்ததை யோசியுங்கள்.