இளமையில் பழகிய இரு மொழிகள் முதுமையில் மூளைக்குத் துணையாகுமா?

திருவனந்தபுரம்: கேரளத்தின் தென்கோடியில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில், வீட்டில் தமிழும் பள்ளியிலும் கடைவீதியிலும் மலையாளமும் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் உள்ளனர். இத்தகைய இருமொழிப் பழக்கம் முதுமையில் மூளையின் தாங்குதிறனுக்கு உதவக்கூடும் என்பதை ஹைதராபாத்தில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு ஒன்று உணர்த்துகிறது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, விளவங்கோடு உள்ளிட்ட தென் திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. எனினும் எல்லையின் இருபுறமும் உறவுகளும் மொழிகளும் கலந்தே தொடர்ந்தன. அன்றைய பள்ளிச் சிறார்கள் இன்று முதியோர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மாநிலங்களில் முதியோர் விகிதம் மிக அதிகமாக இருந்தது கேரளத்தில்தான். அங்கு 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 12.6 சதவீதத்தினர்.

ஆய்வு கூறுவது என்ன?

நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு, ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோயால் பாதிக்கப்பட்ட 648 பேரை ஆராய்ந்து, 2013-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. ஒரு மொழி மட்டுமே பேசியவர்களைக் காட்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசியவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றின. எழுத்தறிவு பெறாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டதால், கல்வி மட்டுமே இதற்குக் காரணம் எனக் கூற இயலாது.

இரு மொழி பேசுவோரின் மூளை, பேசும்போது ஒரு மொழியைத் தேர்ந்து மற்றொன்றை அடக்கி வைக்கிறது. பல்லாண்டுகள் தொடரும் இப்பயிற்சி, நோய் தொடங்கிய பின்னரும் மூளை சில காலம் ஈடுகொடுக்க உதவலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

எச்சரிக்கை தேவை

இருமொழிப் பழக்கம் நோயைத் தடுக்கும் என இந்த ஆய்வு நிறுவவில்லை. பிற ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரியாக இல்லை. 'லான்செட்' ஆணையத்தின் 2024 அறிக்கை, மறதிநோய்க்கான மாற்றத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. இளமையில் போதிய கல்வி கிடைக்காமை, செவித்திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம், தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். இளமைப் பருவத்தை மாற்ற இயலாதவர்களும் பிற்காலத்தில் மற்ற காரணிகளைக் கட்டுப்படுத்த முடியும்.

எல்லைப்புற முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்கும்போது, அவர்கள் சிறுவயதில் பேசிய மொழியிலும் வினவுவது அவசியம். மலையாளத்தில் தடுமாறும் ஒருவர் தமிழில் தெளிவாக விடையளிக்கக்கூடும். அவருக்கு மறதிநோய் எனப் பிழையாக முடிவு செய்யாமலிருக்க இது உதவும்.