பரவைக்கடலும் ஒரு பழைய கமெராவும்

"பிள்ளை, உந்தப் பெட்டியை வைச்சுக்கொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் என்ன பாக்கிறாய்?"

கொழும்புத்துறை இறங்குதுறையில் கிழிந்த வலையைச் சரிசெய்து கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "பறவை பாக்கிறன் அப்பு" என்றேன். "பறவையோ? அதுக்கு ஆரும் சம்பளம் தருவினமோ?" என்று சிரித்தார். அருகில் நின்ற இளைஞர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்பான வாசகியரே, சமூகப் பணியாளராகப் பல வருடங்களாக வேலை செய்கின்றேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சந்திப்பதும், அவர்களின் துயரங்களைக் கேட்பதும், படிவங்களை நிரப்பி அலுவலகங்களுக்கு அலைவதுமே என் நாளாந்த வாழ்க்கை. பிறர் துயரைத் தொடர்ந்து கேட்பவருக்கும் மனம் களைத்துப் போகும். "உங்களுக்கெண்டு ஏதாவது ஒரு வேலையை வைச்சிருங்கோ" என்று உளவளத்துணையாளரான என் சிநேகிதி அடிக்கடி சொல்வார். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தன் பழைய கமெராவைத் தந்துவிட்டுப் போனபோது, அந்த ஏதாவது ஒன்று எனக்குக் கிடைத்தது.

பறவைகள்

கொழும்புத்துறை யாழ் நகரின் கிழக்கு ஓரத்திலுள்ள கரையோர ஊர். யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊர் என்று பலர் அறிவார்கள். ஊர்ப்பெயரிலேயே துறை இருக்கின்றது. எதிர்க்கரையில் பூநகரி. இடையில் கிடப்பது நாங்கள் பரவைக்கடல் என்று சொல்லும் யாழ் கடனீரேரி. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கக்கூடிய ஆழம்தான். இறாலும் நண்டும் சிறுமீனும் வளர்வதற்கும், நீண்ட கால்களையுடைய பறவைகள் இரை தேடுவதற்கும் இந்த ஆழமின்மையே காரணம்.

புரட்டாதி, ஐப்பசி பிறந்தால் வடக்கே குளிர் தொடங்கும் நாடுகளிலிருந்து பறவைகள் வரத் தொடங்கும். மத்திய ஆசியா, சைபீரியா ஆகிய இடங்களிலிருந்து இந்தியாவைக் கடந்து வரும் இந்த வான்வழிக்கு இலங்கை ஒரு முடிவிடம். அதற்குத் தெற்கே பெருங்கடல் மட்டுமே உண்டு. உள்ளான்களும் ஆலாக்களும் ஊசிவால் வாத்துகளும் பங்குனி, சித்திரை வரை எங்களுடன் இருந்துவிட்டுத் திரும்பும். குடாநாட்டின் தென்கிழக்கே உள்ள சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 இல் அது தேசிய பூங்காவாக்கப்பட்டது. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பூநாரையைப் பார்த்தால் எவருக்கும் ஆசை வரும். அது தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அரித்து உண்ணும். உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருளே அதன் இறகுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கின்றது. குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். இதை முதன்முதலில் அறிந்தபோது, நாம் எதை உண்டு வளர்கிறோமோ அதுவே நம் நிறம் என்பது மனிதருக்கும் பொருந்துமே என்று நினைத்தேன்.

முதல் மாதங்களில் என் படங்களில் பறவை இருக்காது, பறந்துபோன இடம்தான் இருக்கும். கிட்டப் போனேன், பறந்தன. ஓடிப்போனேன், இன்னும் தூரம் பறந்தன. கடைசியில் ஒரே இடத்தில் குந்தியிருக்கப் பழகினேன். அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தால் பறவைகள் தாமாகவே கிட்ட வரும். துன்பப்பட்ட ஒரு பெண்ணிடம் கேள்விகளை அடுக்காமல் பக்கத்தில் அமைதியாக இருப்பதும் இதே பாடம்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது நேர்காணல் முறை பற்றிப் பல பக்கங்கள் எழுதினேன். அதைச் செய்துகாட்டியது இந்தக் கரை.

விமானம்

என் வயதுப் பெண்களுக்கு விமானச் சத்தம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சகடை, பொம்பர், ஹெலி என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லப் பழகிய சிறுவர்கள் நாங்கள். 1995 ஆடி 9 ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது குண்டுகள் விழுந்தன. அதே வருடம் ஐப்பசி 30 இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. அப்பாவின் தோளிலிருந்து நான் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்ததாக அம்மா சொல்வார்.

என் பெரியம்மாவின் வீடு வலிகாமம் வடக்கில். 1990 இல் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் பிறர் வளவுகளில் வாழ்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின்னரே ஊர் திரும்பினார். பலாலியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட ஓடுபாதை 2019 ஐப்பசி 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வரத் தொடங்கியது. கொரோனாவினால் நின்ற சேவை 2022 மார்கழியில் மீண்டும் ஆரம்பித்தது. ஆனால் பெரியம்மாவுக்கு அது பயணிகள் விமானமாகத் தெரியவில்லை. சத்தம் கேட்டதும் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு வாசல் நிலையடியில் போய் ஒதுங்கி நிற்பார். "பழக்கம் பிள்ளை, கால் தானாப் போகுது" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முற்றத்தில் நின்று, வானத்தில் போன விமானத்தை மட்டும் படம் எடுத்தேன். கமெராத் திரையில் அதைப் பெருப்பித்துக் காட்டினேன். மேலே பொருத்திய இறக்கை, இரண்டு காற்றாடிகள், வரிசையாகச் சிறு யன்னல்கள். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னல்களை விரலால் எண்ணினார்.

"உதுக்குள்ளை சனமே இருக்குது?"

"ஓம் பெரியம்மா. எழுபது பேர் மட்டிலை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப இந்தியாவிலை இருக்கிற என்ர மகளும் உதிலை வரலாமோ?" என்று கேட்டார்.

பயம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு விருப்பம். அது உண்மையாக இராது. இப்போதும் அவர் நிலையடிக்குப் போகிறார். ஆனால் அங்கே நின்றபடி தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார்.

வள்ளங்கள்

எங்கள் கடலோர மக்கள் பெரிய கப்பல் கட்டியவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, எங்கள் மாலுமிகளுடன் கடல்களைக் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஐப்பசியில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது பலரும் அன்னபூரணியை நினைவுகூர்ந்தார்கள். கொழும்புத்துறையில் அவ்வளவு பெரியவை இல்லை. இங்கே உள்ளவை சிறு வள்ளங்களும் கண்ணாடியிழைப் படகுகளும்தான். ஆனாலும் ஒரு குடும்பத்தின் உலை கொதிப்பது அந்தச் சிறு வள்ளத்தினால்.

அந்தக் கரையில் மீன் தெரிந்து விற்கும் அக்கா ஒருவரை வேலை நிமித்தம் முன்பே அறிவேன். 1995 இல் ஓடும்போது படக்கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை. வந்த சில மாதங்களில், 1996 இல், கணவர் காணாமலாக்கப்பட்டார். அப்போது மகன் வயிற்றில். கணவரின் முகமென்று அவரிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றின் பிரதிதான். அயலூரான அரியாலையில், சித்துப்பாத்தி மயானத்தில் 2025 இல் மனித எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஓகஸ்ட் 5 ஆம் திகதி, அங்கு கிடைத்த உடுப்புகளும் பொருட்களும் நீதிமன்ற அனுமதியுடன் மக்களுக்குக் காட்டப்பட்டன. இந்த அக்காவும் போயிருந்தார். "என்ன சேட்டு போட்டவர் எண்டு எனக்கே மறந்துபோச்சு பிள்ளை. ஒரு படம் இருந்திருந்தால்..." என்று சொல்லி நிறுத்தினார். அதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அதன்பின் வந்த மாரியில் ஒருநாள் அவரே என்னிடம் வந்தார். "நீ பறவையைத்தானே எடுக்கிறாய். என்ர பெடியன் வள்ளத்திலை போறதை ஒருக்கா எடுத்துத் தாறியோ? தகப்பனைப் போலத்தான் தடி ஊண்டுறான்."

மறுநாள் விடிய ஆறு மணிக்கு மகன் வள்ளத்தைத் தள்ளினார். ஆழம் குறைந்த நீர் என்பதால் இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டுத் தடி ஊன்றிப் போனார். தூரத்தில் நாரைகளும் கொக்குகளும் மேய்ந்துகொண்டிருந்தன. இயந்திரச் சத்தம் இல்லாததால் ஒன்றுகூடப் பறக்கவில்லை. அவற்றுக்கு நடுவே, ஒரு கால் முன்னே வைத்து, முதுகை வளைத்துத் தடியை ஊன்றும் அந்த உருவத்தை எடுத்தேன். நான் எடுத்த படங்களில் நல்ல படம் அதுதான் என்று சொல்வேன்.

நகரத்து ஸ்ரூடியோவில் கழுவி, லமினேற் செய்து கொடுத்தேன். அக்கா மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார். "ஓம், இதுதான். இப்பிடித்தான் நிப்பார்" என்றார்.

கமெரா பிடிக்கும் பெண்

"பொம்பிளைப் பிள்ளைக்குக் கடற்கரையிலை என்ன வேலை?" என்ற கேள்வி எனக்கும் வந்தது. பொதுவெளி ஆண்களுக்கே உரியது என்று நாம் சிறுவயதிலிருந்தே பழக்கப்படுத்தப்படுகின்றோம். இந்தியாவின் முதலாவது பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா (1913-2012) சேலை உடுத்து, சைக்கிளில் கமெராவுடன் டெல்லித் தெருக்களில் திரிந்தவர். தமிழகத்தின் இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) வெவ்வேறு பாகங்களைப் பொருத்தித் தானே ஆக்கிக்கொண்ட கமெராவால் காட்டு விலங்குகளைப் படம் பிடித்தவர். விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் முடியும் என்பதில்லை. கையிலுள்ள தொலைபேசியே தொடங்கப் போதும்.

நான் கற்ற சிலவற்றை வாசகியருக்குச் சொல்கிறேன். காலை ஆறு முதல் எட்டு மணிவரை வெளிச்சம் நல்லது. முதலில் ஒரு துணையோடு போங்கள். ஒரு மாதத்தில் கரையே துணையாகிவிடும். ஆட்களை எடுக்குமுன் கேளுங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள். இராணுவ, விமானநிலையப் பகுதிகளைப் படம் எடுக்காதீர்கள். பறக்கும் காட்சிக்காகப் பறவைகளைக் கலைக்காதீர்கள். நெடுந்தூரம் வந்த உயிர்களுக்கு ஒவ்வொரு வீண்பறப்பும் உணவுச் செலவு. கரையில் அறுந்த நைலோன் வலையைக் கண்டால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். அதில் சிக்கிய பறவை தப்பாது.

முக்கியமாக, வாரம் ஒரு படமாவது உங்கள் வீட்டு மனிதரை, அவர் வேலை செய்யும்போது எடுங்கள். அம்மா மா இடிப்பதை, அப்பா வேலி அடைப்பதை, ஆச்சி பாக்கு வெட்டுவதை. கழுவி, பின்பக்கத்தில் பெயரும் திகதியும் இடமும் எழுதி, பொலித்தீன் பையிலிட்டு உறுதிப் பத்திரங்களோடு வையுங்கள். இழந்த படங்களைத் திரும்ப எடுக்க எவராலும் முடியாது. இனி எடுக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

அன்று சிரித்த பெரியவர் போன சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, விடியப்புறம் அந்தக் கண்டல் பக்கம் புதுசா ஏதோ ஒண்டு வந்து நிக்குது. சொண்டு கரண்டி போலை. போய்ப் பார்" என்றார்.

போய்ப் பார்த்தேன். கரண்டிவாயன். நான்கு நின்றன.