கதை பேசும் பெண்களும் காது கொடுக்காத விமர்சனமும்

1

1980களின் பிற்பகுதியிலிருந்து நம் சிறுபத்திரிகைகளில் மாய யதார்த்தவாதம் பற்றி எழுதப்பட்டவற்றைத் திரட்டினால் தடித்த தொகுதியொன்று வரும். காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் பெயர் அன்று அவ்வளவு புழங்கியது. 1967இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நாவலின் தொனியைப் பாட்டியிடமிருந்தே எடுத்துக்கொண்டதாக மார்க்வெஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம்பவே முடியாத சங்கதிகளையும் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், நேற்றுச் சந்தையில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போவாராம் அந்தப் பாட்டி.

இந்தச் செய்தியை நாம் சுவையான துணுக்காக மட்டுமே எடுத்துக்கொண்டோம். கொலம்பியாவின் பாட்டிக்கு நம் கோட்பாட்டில் இடம் கிடைத்தது. நம் ஊர்ப் பாட்டிகளை நாட்டார் வழக்காற்றியல் துறையிடம் ஒப்படைத்தோம். அந்தத் துறையில் என்ன நடந்தது என்பது எம்.ஏ. தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரியும். கதையை வகை என்றும் கூறு என்றும் பிரிப்பதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். இளைய மகன், பேசும் கிளி, ஏழு கடல் தாண்டிய பூ என்று பட்டியலிட்டோம். கதை முடிந்தபின் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்ன பேசினார்கள் என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. ஒலிநாடாவில் கதை முடிகிற இடத்தில் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவது வழக்கம். நான் பேச விரும்புவது அந்தப் பொத்தானை அமுக்கியபிறகு நடக்கிற பேச்சைப் பற்றி.

பெண்கள் கூடி மாயக்கதைகளைப் பற்றிப் பேசிக்கொள்வதை நாம் இரண்டு தரம் தள்ளிவைக்கிறோம். பெண்கள் பேசுவதால் அது வம்பு. மாயக்கதையைப் பற்றியது என்பதால் அது தப்பித்தல். இவ்விரண்டு முத்திரைகளையும் சற்றே விலக்கிவைத்துவிட்டு அந்தப் பேச்சு எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம்.

2

கதைகளைத் திரட்டுகிறவர்கள் கதையோடு அதைப் பற்றிச் சொல்பவரும் கேட்பவரும் தரும் விளக்கங்களையும் திரட்ட வேண்டும் என்று அமெரிக்க நாட்டாரியலாளர் ஆலன் டண்டிஸ் 1966இல் எழுதினார். வாய்மொழி இலக்கிய விமர்சனம் என்று அதற்குப் பெயரிட்டார். பிரதிக்கு ஆய்வாளர் கற்பிக்கும் பொருள் ஒன்று. அதைப் புழங்குகிறவர்கள் கொள்ளும் பொருள் மற்றொன்று. பின்னதை ஊகிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிரின் நாராயண் இமாசலப் பிரதேசத்தின் காங்ராவில் பெண்களின் பாடல்களை முன்வைத்து இதைச் செய்துபார்த்து 1995இல் கட்டுரையாக்கினார். பாடுகிற பெண்களே தம் பாடல்களுக்கு விமர்சகர்கள் என்பது அதன் சாரம்.

தமிழில் இதற்கு வேறொரு முன்னுதாரணம் உண்டு. வை.மு. கோதைநாயகி (1901-1960) முதலில் எழுதத் தெரியாதவராக இருந்தார். 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925இலிருந்து 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 115 நாவல்கள் எழுதிய ஒருவரின் தொடக்கம் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கதை பேசிய இடம்தான். நம் இலக்கிய வரலாறு நாவல்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. சொல்லிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தபோது அவ்விருவரும் எதை மாற்றினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பது வரலாற்றில் ஏறவில்லை.

வாசிப்புப் பழக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வில், காதல் நாவல்கள் படிக்கும் அமெரிக்க இல்லத்தரசிகளிடம் பேசினார். கதையில் என்ன இருக்கிறது என்பது இருக்கட்டும், படிப்பது என்ற செயலே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த நேரம் கணவனுக்கும் பிள்ளைக்கும் உரியதல்ல. ரமணிசந்திரனைப் படிக்கும் பெண்களைக் கேலி செய்தே காலம் தள்ளிய நம் விமர்சனம் இதை ஒருதரம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

3

இனி ஓர் எடுத்துக்காட்டு. சித்தேரி தருமபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அரூரிலிருந்து பஸ்ஸில் மலையேற வேண்டும். அங்கு வாழ்கிறவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். பெயர் மலையைக் குறிக்கிறது, மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலைகளுக்கு வந்தார்கள் என்பது இம்மக்களின் தோற்றக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் அச்சிட்ட தொகுதிகளில் இது உண்டு. அண்ணன் தம்பிகள் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று பெயரோடு வருகிறார்கள். அவர்கள் மணந்த பெண்களுக்குச் சாதிப் பெயர் மட்டும்தான். எழுத்தில் ஏறும்போது எது உதிர்ந்துபோகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம் இது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்ற பங்குனியில் அங்கே நான்கு பெண்களோடு ஒரு பிற்பகல் இருந்தேன். புளி ஓடு தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை. கை ஓயாது, வாய்க்கு வேலை இல்லை. ஒருவர் கீழ்நாட்டிலிருந்து வந்து பணிபுரியும் ஆசிரியை. 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் 'மர்ம தேசம்' பார்த்து வளர்ந்தவர். அதிலிருந்து இந்திரா சௌந்தர்ராஜனின் மாத நாவல்கள் வழியே வாசிப்புக்கு வந்தவர். 2024இல் அவர் இறந்த செய்தி கேட்டு, வீட்டில் இருந்த பழைய பிரதிகளைத் தேடி எடுத்துத் திரும்பப் படித்திருக்கிறார். இன்னொருவர் பத்தாவது வரை போனவர். சிக்னல் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து அலைபேசியில் பிரதிலிபியில் பேய்க்கதைத் தொடர் படிக்கிறார். மூன்றாமவர் அங்கன்வாடிப் பணியாளர். "பதிவேடு எழுதவே பொழுது சரியாப் போவுது, இதுல கதை வேற எங்க படிக்கிறது" என்றார். நான்காமவர் அவருடைய மாமியார். எழுதப் படிக்கத் தெரியாது.

ஆசிரியை தன் மகனுக்காகத் தமிழில் படித்த ஹாரி பாட்டர் முதல் பாகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளக்குமாத்துல ஏறிப் பறப்பாங்களாம்."

"அப்ப வாசல யாரு கூட்டுவா?" என்றார் பத்தாவது படித்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"பெரிய மண்டபமாம். உக்காந்தா தட்டுல சோறு தானா வந்துடுமாம்."

மாமியார் சிரிக்கவில்லை. "தானா எங்க வரும்? கண்ணுக்குத் தெரியாத எடத்துல எவளாச்சும் ஆக்கிக்கிட்டிருப்பா."

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஜே.கே. ரோலிங் இந்தக் கேள்விக்கு நான்காவது பாகத்தில்தான் வருகிறார். அது வெளிவந்தது 2000இல். மண்டபத்துக்கு அடியில் இருக்கும் சமையலறையில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றேவல் குட்டிச்சாத்தான்கள் கூலியில்லாமல் ஆக்கிப்போடுகின்றன. மாணவர் கண்ணில் படாமல் இருப்பதே நல்ல வேலைக்காரனுக்கு இலக்கணம் என்று அவற்றுக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஹெர்மியோனி என்ற பெண் இதைத் தெரிந்துகொண்டு சங்கம் தொடங்குகிறாள். நண்பர்களே அவளைக் கேலி செய்கிறார்கள். 2005இல் வந்த திரைப்படத்தில் இந்தப் பகுதி இல்லை. ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத பெண், முதல் பாகத்தை அரைகுறையாகக் காதால் கேட்டவுடன், அந்த உலகம் மறைத்துவைத்த உழைப்பைக் கண்டுபிடித்துவிட்டார். மார்க்சிய விமர்சனம் பயின்ற நமக்கு இந்தக் கேள்வி தெரியாததல்ல. அதை நாம் கோட்பாட்டிலிருந்து கொண்டுவருகிறோம்; அவர் அடுப்படியிலிருந்து கொண்டுவந்தார்.

பேச்சு அடுத்து அந்தப் பையனை வளர்த்த பெரியம்மாவிடம் போனது. ஆசிரியை அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். "அவளையே என்னாத்துக்குத் திட்டுற கண்ணு, அவ புருஷன் என்ன செஞ்சுகிட்டிருந்தான்?" என்றார் மாமியார். "இருந்தாலும் படிக்கட்டுக்கு அடியில படுக்கவெச்சது தப்புதான் அத்தை" என்று மருமகள் மறுத்தார். அங்கிருந்து பேச்சு, இறந்துபோன அக்காவின் பிள்ளையை வளர்க்கும் ஒரு வீட்டுக்கு நகர்ந்தது. அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நேரே பேசினால் சண்டையாகிவிடக்கூடிய விஷயத்தை அவர்கள் கதையின் மேல் வைத்துப் பேசிப் பார்த்தார்கள். பெரியம்மா பாத்திரத்துக்குச் சொன்ன தீர்ப்பு அந்த வீட்டுக்கும் சொன்ன தீர்ப்பு. மாமியாரும் மருமகளும் எதிரெதிராகப் பேசியும் உறவு முறியவில்லை.

இதனால் பெண்கள் பேச்சு புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதே பிற்பகலில், வேற்றுச் சாதிப் பையனோடு போய்விட்ட ஒரு பெண்ணைப் பற்றி அவர்கள் பேசியது இரக்கமில்லாதது. ஊரின் காவல் வேலையைப் பெண்களின் பேச்சும் செய்கிறது. விமர்சனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் அதன் பிற்போக்கையும் சேர்த்துத்தான் விவாதிக்க வேண்டும். வம்பு என்று ஒதுக்கிவிட்டால் இரண்டையுமே இழந்துவிடுவோம்.

4

மாயக்கதையில் மூழ்கிய பெண்களுக்கு நிஜத்துக்கும் கற்பனைக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும் என்றொரு கவலை பொதுவாகச் சொல்லப்படுவது. பகுத்தறிவு பேசும் தோழர்களும் இதைச் சொல்வார்கள். மேலே தந்த பேச்சையே திரும்பப் பாருங்கள். பறப்பாங்களாம். வந்துடுமாம். கதைக்குள் நடப்பது முழுக்க 'ஆம்' போட்டுச் சொல்லப்படுகிறது. ஒரு ஊரில் ஒரு ராஜாவாம் என்று தொடங்கும் கதைகளிலிருந்து நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த 'ஆம்'. நான் கேட்டதைச் சொல்கிறேன், கண்டதைச் சொல்லவில்லை என்று ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சொல்பவர் கையொப்பமிடுகிறார்.

பிறகு, ராத்திரியில் பேய்க்கதை படித்தால் பயமாக இருக்காதா என்று ஆசிரியை கேட்டார். மாமியார்தான் பதில் சொன்னார்: "கருப்பு குதிரையில வருதுன்னா எனக்கு என்னா பயம்? ஃபாரஸ்ட்டுக்காரங்க ஜீப்புல வந்தாங்க. அப்பதான் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடுனோம்."

வந்தாங்க. ஓடுனோம். 'ஆம்' உதிர்ந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், மூச்சு விடுகிற நேரத்தில் இலக்கணம் மாறியது. மீமாயப் புனைவின் இயல்பை 1970இல் வரையறுத்த ஸ்வெத்தான் தொதோரொவ், நடந்தது இயற்கையா இயற்கை கடந்ததா என்று முடிவு கட்ட முடியாத தயக்கமே அதன் உயிர் என்றார். சித்தேரியில் நான் கேட்ட பேச்சில் தயக்கம் அங்கே இல்லை. விளக்குமாறு பறக்குமா என்று யாரும் கலங்கவில்லை. கதையைக் கதையாக வைத்துக்கொண்டு அதற்குள் யார் ஆக்குகிறாள், யாரைக் குற்றம் சொல்வது என்று கேட்டார்கள். தமக்கு நடந்ததை நடந்ததாக வைத்தார்கள். மாயக்கதை பேசிப் பழகியவர்களிடம் இந்தக் கோடு துல்லியமாகவே இருக்கிறது.

5

இதெல்லாம் எதற்கு, இலக்கணப் புள்ளிவிவரமா என்று கேட்கலாம். சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டைத் தேடல் என்ற பெயரில் வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், ஆட்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். அரசுத் தரப்பு முதலில் மறுத்தது. பெண்கள் சொன்னது கதையாகவே நடத்தப்பட்டது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணை முடிவதற்குள் இறந்து, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தொரு ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தப் பெண்கள் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வாக்குமூலமும் மாயக்கதைப் பேச்சும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவை ஒன்றல்ல என்பது பேசுகிற பெண்களுக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் சொல்கிறேன். தெரியாதவர்கள், அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர்கள், கேட்கும் இடத்தில் அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள். 'கதை விடாதே' என்பது திண்ணையிலும் சொல்லப்படுகிறது, காவல் நிலையத்திலும் சொல்லப்படுகிறது. பெண்ணின் பேச்சு முழுவதையும் கதை என்ற ஒரே மூட்டையில் கட்டிவைக்கும் பழக்கத்தை இலக்கிய விமர்சனமும் வளர்த்திருக்கிறது. கதைக்குள் அவர்கள் எழுப்பிய கேள்விகளைக் கேட்க மறுத்த அதே காதுதான் நடந்ததைச் சொன்னபோதும் கேட்க மறுத்தது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது எளியதுதான். களத்துக்குப் போகிற நண்பர்கள் கதை முடிந்ததும் ஒலிப்பதிவை நிறுத்தாமல் இருக்கலாம், சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு. பெண்கள் இயக்கங்களில் வேலை செய்கிறவர்கள் கூட்டம் தொடங்கும் முன்னும் முடிந்தபின்னும் நடக்கிற பேச்சைக் குறித்துவைக்கலாம். அறிக்கையில் வராதவை அங்கேதான் பேசப்படுகின்றன. எழுதும்போது 'ஆம்' எங்கே வருகிறது, எங்கே உதிர்கிறது என்பதைத் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். அப்படி எழுதியதை யாருக்கு முதலில் படித்துக்காட்டுவது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. பேசியவர்களுக்குத்தான். அந்த மாமியாருக்குப் படித்துக்காட்டினால், எதை விட்டுவிட்டேன் என்று அவர் சொல்வார்.